படமாய் நின்ற கோயில்களும் பெயரின்றி நின்ற மனிதர்களும்

கொடியேற்றம் முதல் விடையாற்றி வரை ஆலயத்தில் நிகழும் ஒவ்வொரு சடங்கையும் இக்காலத்தில் நூற்றுக்கணக்கான கைகள் படமெடுக்கின்றன. தீபாராதனை நேரத்தில் உயர்த்திப் பிடித்த கைப்பேசிகளுக்கிடையே கூப்பிய கைகளைத் தேட வேண்டியிருக்கிறது என்று முதியோர் குறைப்பட்டுக்கொள்வதும் உண்டு. அக்குறையில் நியாயம் இல்லாமற் போகவில்லை. ஆயினும் கோயிலையும் கோயில் சூழ்ந்த தெருவையும் படமெடுத்தல் என்னும் வழக்கம் எங்கே, எவ்வாறு தொடங்கியது, அதனால் விளைந்த நன்மை யாது, அப்படங்களில் இடம்பெற்றோர் யார், இடம்பெற்றும் அறியப்படாது போனோர் யார் என்பன பக்தப் பெருமக்கள் ஒருமுறையேனும் எண்ணிப் பார்க்கத்தக்க செய்திகளாகும்.

படக்கருவி வருவதற்கு முன்பு தூரிகையே அவ்வேலையைச் செய்தது. தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்னும் ஆங்கிலேய ஓவியர் இருவர், 1792-ஆம் ஆண்டில் தமிழகம் முழுவதும் பயணம் செய்து, தஞ்சைப் பெரிய கோயிலையும் மதுரையையும் இராமேசுவரத்தையும் வரைந்தனர். அவ்வோவியங்கள் கண்ணுக்கு விருந்தானவை. ஆனால் ஓவியன் விட்டதை விட்டதாகவும் சேர்த்ததைச் சேர்த்ததாகவுமே பார்ப்பவன் ஏற்றுக்கொள்ள வேண்டும். 1839-இல் பாரிஸ் நகரில் டாகர் என்பவரின் ஒளிப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டதும், ஒரு கல்லையும் விடாது பதிவு செய்யும் வழி பிறந்தது. 1855-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள், இந்தியாவின் பழங்கட்டடங்களை இனி வரைவதைவிட ஒளிப்படமாக எடுப்பதே தக்கது என்று தம் அரசுகளுக்கு எழுதினர். செலவு குறையும் என்பதும் அவர்கள் கருத்து. பக்தியினால் அன்று, கணக்கினால் பிறந்த ஆணை அது. எனினும் அதன் பயன் பக்தர்களையே வந்தடைந்தது.

மாட்டுவண்டியில் வந்த படக்கருவி

சென்னை அரசு 1856-இல் தனக்கென ஓர் ஒளிப்படக் கலைஞரை நியமித்தது. அவர் பெயர் லினேயஸ் டிரைப். 1822-இல் இங்கிலாந்தின் டெவன்போர்ட் நகரில் பிறந்து, கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்து, இந்தியாவில் பணியாற்றியவர். விடுப்பில் தாயகம் சென்றிருந்த காலத்தில் ஒளிப்படக் கலையில் ஈடுபாடு கொண்டார். 1854-இல் மைசூர் நாட்டு ஹளேபீடு, பேலூர்க் கோயில்களைப் படமெடுத்தார். அடுத்த ஆண்டு பர்மிய அரசவைக்குச் சென்ற தூதுக்குழுவுடன் சென்று அந்நாட்டுப் பகோடாக்களைப் பதிவு செய்தார்.

1857 டிசம்பரில் டிரைப் பெங்களூரிலிருந்து தமிழகம் நோக்கிப் புறப்பட்டார். வடநாட்டில் சிப்பாய்ப் புரட்சியின் நெருப்பு அணையாதிருந்த காலம் அது. மாட்டுவண்டிகளில் படக்கருவிகளும் இரசாயனங்களும் கண்ணாடித் தகடுகளும் தாள்களும் ஏற்றப்பட்டன. இராயக்கோட்டை, சேலம் மாவட்டத்து ஊர்கள், திருச்சிராப்பள்ளி, திருவரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவையாறு எனச் சென்ற அப்பயணம் 1858-ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குள் சென்னையில் முடிந்தது.

அக்காலத்தில் ஒரு படம் எடுப்பதென்பது விரலால் தொடும் வேலையன்று. ஓரடிக்கும் மேல் அகலமான படம் வேண்டுமெனில் அதே அளவுக்குத் தாளோ கண்ணாடியோ உள்ளே செல்லும் பெட்டி வேண்டும். சிறு படத்தைப் பெரிதாக்கும் வசதி அன்று இல்லை. டிரைப் பெரும்பாலும் மெழுகூட்டிய தாளைப் பயன்படுத்தினார். அதனை முன்னரே பதப்படுத்தி வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒளியை ஏற்க நெடுநேரம் பிடிக்கும். மற்றொன்று கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்னும் பசையைப் பூசி, வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் தோய்த்து, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, உடனே இருட்டுக் கூடாரத்தில் கழுவியெடுக்கும் முறை. வெயிற்காலத்துத் தஞ்சையில் பசை எவ்வளவு விரைவாக உலரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அந்நாளைய இரசாயனங்கள் வானத்தின் நீலத்தை அளவுக்கு மீறி உள்வாங்கும். இலையின் பச்சையைச் சரியாக ஏற்கா. ஆகவே வானம் வெறும் வெளுப்பாகவும் மரம் கரும்புள்ளியாகவும் விழுந்தன. அக்குறையைப் பொறுக்காத டிரைப், எதிர்ப்படிவத்தின் மீது தூரிகையால் முகில்களைத் தீட்டியும் இலைகளுக்கு ஒளி கூட்டியும் படத்தைத் திருத்தினார். அவர் படங்களிற் காணும் மதுரை வானத்து மேகங்களிற் சில, மதுரையில் ஒருநாளும் மிதவாதவை. கட்டடத்தின் ஒரு கல்லையும் மாற்றத் துணியாதவர் வானத்தை மட்டும் மாற்றிக்கொண்டார் என்பது சுவையான செய்தி.

மதுரையில் அவர் எடுத்த படங்கள் நான்கு பகுதிகளாக வெளியிடப்பட்டன. மீனாட்சியம்மன் திருக்கோயில், புது மண்டபம், வண்டியூர்த் தெப்பக்குளம், வைகையின் குறுக்கே சென்ற பாதை, திருமலை நாயக்கர் மகால் ஆகியவை அவற்றில் உள்ளன. மகால் அப்போது சிதைந்து கிடந்தது. 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபுவின் காலத்தில்தான் அது பழுதுபார்க்கப்பட்டது. எனவே பழுதுபார்ப்பதற்கு முந்தைய நிலையை அறிய வேண்டுவோர் டிரைப்பின் படங்களையே நாட வேண்டும். அவை அனைத்தினும் பக்தர்கள் கண்களை நிறுத்துவது வேறொரு படம். மதுரைத் திருக்கோயிலின் திருவாபரணங்களை ஒன்றாக வைத்து அவர் எடுத்த படமே அது. கருவறைக்குள் படக்கருவி செல்லவில்லை, செல்லவும் கூடாது. ஆயினும் அம்மைக்குரிய அணிகலன்கள் வெளியே கொணரப்பட்டுச் சற்று நேரம் ஒளியின்முன் வைக்கப்பட்டன. கோயில் உடைமைக்கு இவ்வகையில் ஒளிப்படச் சான்று அமைந்த மிகப் பழைய நிகழ்ச்சிகளுள் இஃது ஒன்று எனலாம்.

இப்படங்களைக் காண்போர் ஒன்றைக் கண்டு திகைப்பர். மதுரைத் தெருவில் ஆளில்லை! உண்மையில் ஆளில்லாமல் இல்லை, நடந்துகொண்டிருந்தவர்கள் பதியவில்லை. நெடுநேரம் திறந்திருந்த படக்கருவியின் முன் அசையாது நின்ற கல்தூண் பதிந்தது. பூக்கூடை சுமந்து போனவளும் வண்டியோட்டியும் ஓடிய சிறுவனும் புகைபோலக் கரைந்து போயினர். கல்லுக்குக் கிடைத்த நீதி மனிதருக்குக் கிடைக்கவில்லை என்று சொன்னால் அது குறையாகாது. அக்காலக் கருவியின் இயல்பு அது.

தஞ்சையின் எழுத்தும் நானூறு பெயர்களும்

டிரைப் செய்த வேலைகளில் மிக வியப்பானது தஞ்சையில் நிகழ்ந்தது. இராசராச சோழன் எழுப்பி 1010-இல் நிறைவு கண்ட பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியில் வரிவரியாகக் கல்வெட்டுகள் ஓடுகின்றன. அவற்றைத் துண்டு துண்டாகப் படமெடுத்து, 21 படங்களை ஒன்றோடொன்று ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். படக்கருவியைப் பக்கவாட்டில் நகர்த்தி நகர்த்தி, ஒவ்வொரு முறையும் அதே தொலைவில், அதே உயரத்தில் நிறுத்தி எடுத்தாலன்றி எழுத்துகள் ஒன்றோடொன்று பொருந்தா. ஓர் எழுத்துக்கூடச் சிதையாமல் அவர் பொருத்தினார்.

அந்த எழுத்து டிரைப்புக்குத் தெரியாது. அவருக்கு மட்டுமன்று, அந்நாளில் அக்கல்வெட்டுகளை முழுமையாகப் படித்து உலகுக்கு உரைத்தவர் எவருமிலர். பெரிய கோயிலைக் கட்டியவன் யார் என்பதிலேயே குழப்பம் இருந்தது. தலபுராணம் கரிகாலனைச் சொல்லிற்று. வேறு சிலர் காடுவெட்டிச் சோழன் என்றனர். 1886-இல் சென்னை அரசின் கல்வெட்டாய்வாளராக வந்த ஜெர்மானிய அறிஞர் ஹுல்ட்ஸ் அவற்றைப் படித்து, 1891 முதல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதியாக வெளியிட்ட பின்னரே இராசராசன் பெயர் ஐயத்துக்கிடமின்றி நிலைபெற்றது. ஆக, படிக்கத் தெரியாத ஒருவர், படிக்கப்படாத எழுத்தை, படிக்கப்போகும் ஒருவருக்காகப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்.

அக்கல்வெட்டுகள் கூறுவன யாவை? தான் கொடுத்தனவும், தமக்கை குந்தவையார் கொடுத்தனவும், தேவியர் கொடுத்தனவும், பிறர் கொடுத்தனவும் கல்லில் வெட்டப்பட வேண்டும் என்பது மன்னனின் ஆணை. கொடுத்தோர் பெயர் மட்டுமன்று. அதே கோயிலின் வேறொரு சுவரில், இறைபணிக்கென நாட்டின் பல தளிகளிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர்கள் ஒவ்வொன்றாகப் பொறிக்கப்பட்டுள்ளன. எந்தச் சேரி, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு என்ற விவரமும் உண்டு. ஆளுக்கு ஒரு வீடும் ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் என்ற கணக்கும் உண்டு. ஆயிரம் ஆண்டுக்கு முன் ஆடிய பெண்ணின் பெயர் இன்றும் தெரிகிறது. மின்விளக்கின் வெளிச்சம் மறையும் அளவுக்கு அதன்மீது உபயதாரர் பெயர் எழுதும் இன்றைய வழக்கத்தைக் கேலி செய்வோர் உண்டு. அந்த ஆசைக்கு இராசராசன் காலத்து வேர் உண்டு என்று அவர்களுக்குச் சொல்லலாம். ஒரு வேறுபாடு, அவன் கொடுத்தவரோடு ஊழியம் செய்தவரையும் எழுதினான்.

டிரைப்பின் பணி நெடுநாள் நீடிக்கவில்லை. 1859-இல் சென்னை ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெலியன், அரசின் நிதிநிலைக்கு ஒவ்வாத ஆடம்பரம் எனக் கருதி அவ்வேலையை நிறுத்தினார். பெரும்பணி ஒன்று தொடங்கிய நான்கே ஆண்டுகளில் முடிந்தது. டிரைப் மீண்டும் படைவீரராகி, 1902-இல் தாயகத்தில் மறைந்தார். ஆனால் அவருக்கு உதவியாளராக இருந்து தொழில் பயின்ற சி. ஐயாசாமி என்பவர் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் ஒளிப்படப் பணியைத் தொடர்ந்தார். தமிழ்நாட்டில் இக்கலையைக் கைக்கொண்ட முன்னோடிகளுள் ஒருவராக அவர் எண்ணப்பட வேண்டியவர். வெள்ளைக்காரரின் பெயர் விளங்கிய அளவுக்கு அவர் பெயர் விளங்கவில்லை. பின்னர் 1867, 1868 ஆண்டுகளில் எட்மண்ட் டேவிட் லயன் என்னும் ஓய்வுபெற்ற படைத்தலைவர் அரசின் சார்பில் தென்னாட்டுக் கோயில்களை மறுபடியும் படமெடுத்தார். கட்டடக்கலை வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் பெர்குசன் பதிப்பித்த குறிப்புகளுடன் அப்படங்களின் விளக்கம் வெளிவந்தது. திருவரங்கத்துத் தெற்கு இராசகோபுரம் அடித்தளத்தோடு நின்றுபோயிருந்த காலம் அது. 1987-இல் 236 அடி உயரமாக எழுந்து நிறைவு கண்ட அக்கோபுரத்தை மட்டுமே அறிந்த தலைமுறைக்கு, மொட்டையாக நின்ற வாயிலைக் காட்டும் பழைய படங்கள் நம்புதற்கரியவையாகத் தோன்றும்.

படம் சொன்ன சாட்சி

இவையெல்லாம் ஆராய்ச்சியாளருக்கு உதவும், அன்றாட வழிபாட்டுக்கு என்ன பயன் என்று கேட்போர் உண்டு. அதற்கு விடையாக அமைந்தது அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான்.

புதுச்சேரியில் 1955-இல் நிறுவப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், தமிழகத்துக் கோயில்களுக்கு ஊர் ஊராக ஆளனுப்பி, சிற்பங்களையும் செப்புத் திருமேனிகளையும் படமெடுத்து வந்தது. பெருங்கோயில் மட்டுமன்று, பெயரறியாச் சிற்றூர்க் கோயில்களும் விடுபடவில்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் சேர்ந்தன. ஒவ்வொன்றுக்கும் ஊர்ப்பெயர், கோயிற்பெயர், எடுத்த நாள் ஆகியன குறிக்கப்பட்டன. 1994-இல் ஸ்ரீபுரந்தான் பிரகதீசுவரர் கோயிலின் நடராசர் திருமேனியும் அவ்வாறு படமெடுக்கப்பட்டது.

2006-ஆம் ஆண்டளவில் அத்திருமேனி களவு போயிற்று. 2008-இல் ஏறத்தாழ 50 லட்சம் அமெரிக்க டாலர் விலைக்கு அது ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்தைச் சென்றடைந்தது. விற்றவர் காட்டிய ஆவணங்களில் அது நெடுங்காலத்துக்கு முன்பே இந்தியாவை விட்டு வெளியேறியதாக எழுதப்பட்டிருந்தது. எழுத்துக்கு எதிராகப் படம் வந்து நின்றது. 1994-இல் அத்திருமேனி ஸ்ரீபுரந்தானில்தான் இருந்தது என்பதைப் புதுச்சேரிப் படம் காட்டியதும் அப்பொய் நொறுங்கியது. விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோயிலின் கோட்டத்திலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டு சிட்னி நகரக் கலைக்கூடம் 2004-இல் வாங்கியிருந்த அர்த்தநாரீசுவரர் கற்சிலையும் அதே நிறுவனத்தின் பழைய படங்களால் அடையாளம் காணப்பட்டது. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபட் புதுதில்லிக்கு வந்தபோது இரு திருமேனிகளையும் இந்தியப் பிரதமரிடம் ஒப்படைத்தார்.

இங்கே வேலை செய்தது படம் மட்டுமன்று. படத்தோடு எழுதிவைக்கப்பட்ட ஊர்ப்பெயரும் ஆண்டும் சேர்ந்தே சாட்சி கூறின. ஊரும் நாளும் இல்லாதிருந்தால், அது ஏதோ ஒரு நடராசரின் அழகிய படம் என்ற அளவில் நின்றிருக்கும்.

பினாங்கில் இரு இளைஞர்

டிரைப் கற்களைத் தேடித் தமிழகத்தைச் சுற்றிய அதே காலத்தை ஒட்டி, மனிதரைத் தேடிய மற்றொரு பயணி மலாயாவுக்கு வந்தார். ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் 1837-இல் பிறந்த ஜான் தாம்சன், 1862-இல் சிங்கப்பூரில் தம் தமையனாரிடம் வந்து சேர்ந்து ஒளிப்படத் தொழில் தொடங்கினார். பின்னர்ப் பினாங்கிலும் வெல்லஸ்லி மாநிலத்திலும் ஏறத்தாழ பத்து மாதங்கள் தங்கி, அங்கு வாழ்ந்த மலாய்க்காரர், சீனர், தென்னிந்தியர் ஆகியோரையும் அவர்தம் தொழில்களையும் படமெடுத்தார்.

ஈரத்தகட்டு முறையில் ஒருவரே எல்லாம் செய்ய இயலாது. தகடு தோய்க்கவும் கழுவவும் படியெடுக்கவும் ஆள் வேண்டும். சீனர்கள் அவ்வேலைக்கு வர மறுத்தனர். கைபடாமல் உருவம் விழுவது பேய்வேலை என்று அவர்கள் அஞ்சினர். வெள்ளி நைட்ரேட்டின் கருங்கறை விரல்களில் ஒட்டுவதையும் வெறுத்தனர். அப்போது முன்வந்தவர்கள் சென்னை மாகாணத்திலிருந்து வந்திருந்த இருவர். அவர்களைப் பழக்கித் தம் உதவியாளர்களாக்கிக்கொண்டதாகத் தாம்சன் 1875-இல் வெளியிட்ட தம் பயண நூலில் எழுதியுள்ளார். அவர்களின் கரிய மேனியையும் வெள்ளி நைட்ரேட்டையும் இணைத்து ஒரு கேலியும் செய்கிறார். பெயரை மட்டும் எழுதவில்லை.

மலாயாவின் ஒளிப்பட வரலாற்றின் தொடக்கத்திலேயே இரு தென்னிந்தியரின் கைகள் இருந்தன என்பதற்கு இச்சிறு குறிப்பே ஆதாரம். மற்றவர்கள் பேய்வேலை என ஒதுங்கிய கலையை அச்சமின்றிக் கற்றுக்கொண்ட அவ்விருவரும் பாராட்டுக்குரியவர்கள். பினாங்கிலிருந்து வெளிவந்த தாம்சனின் படங்கள் எத்தனையோ அவர்கள் கழுவியெடுத்தவை.

தாம்சன் பின்னர் சயாம் சென்று மன்னர் மோங்குட்டைப் படமெடுத்தார். 1866 சனவரியில் பாங்காக்கிலிருந்து புறப்பட்டு, ஆற்றுவழியும் காட்டுவழியுமாகச் சென்று, வழியில் காட்டுக் காய்ச்சலால் அவதியுற்று, அங்கோர் வாட்டை அடைந்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் திருமாலுக்கு எழுப்பிய அப்பெருங்கோயில் முதன்முதலாக ஒளிப்படத்தில் பதிந்தது அவர் கருவியால்தான். பாற்கடல் கடைந்த காட்சி முதலிய நெடுஞ்சிற்பங்களைக் கொண்ட அக்கோயிலின் அமைப்பு மேருமலையைக் குறிப்பதாகக் கருதியவர்களுள் அவரும் முற்பட்டவர். 1867-இல் அப்படங்கள் நூலாயின. அதன்பின் சீனநாடு முழுவதும் சுற்றினார்.

இங்கிலாந்து திரும்பிய பின் 1877-இல் அடால்ஃப் ஸ்மித் என்பவரோடு சேர்ந்து இலண்டன் தெரு வாழ்க்கையைப் பற்றிய நூலொன்றைப் பகுதி பகுதியாக வெளியிட்டார். பூ விற்பவர், குடை பழுதுபார்ப்பவர், திண்ணையில் ஒடுங்கிக் கிடந்த ஏழைப் பெண் முதலியோரின் 36 படங்கள் அதில் உள்ளன. தெருவில் வாழ்வோரைப் பொருட்படுத்திப் படத்தோடு வரலாறும் எழுதிய முன்னோடி நூல் என அது போற்றப்படுகிறது. முன்னாளில் கோமாளி வேடமிட்டு, பின்னாளில் நாற்காலிக்குப் பிரம்பு பின்னிப் பிழைத்த கேனி என்பவரின் கதை அதில் பெயரோடு இருக்கிறது. இலண்டன் தெருவோரத்துக் கேனிக்குக் கிடைத்த வரி, பினாங்கில் தம்மோடு உழைத்த இருவருக்குக் கிடைக்கவில்லை. தாம்சனைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்ல வேண்டியதில்லை. தெருவில் நிற்பவனை மதித்துப் பார்த்த அரிய மனிதர் அவர். அத்தகையவர் கண்ணுக்கும் காலனி நாட்டில் ஒரு திரை இருந்தது என்பதே செய்தி. அவர் மறைந்த 1921-ஆம் ஆண்டில் அவருடைய 600-க்கும் மேற்பட்ட கண்ணாடித் தகடுகளை ஹென்றி வெல்கம் என்பவர் வாங்கினார். இன்றும் அவை இலண்டனில் பாதுகாக்கப்படுகின்றன.

தோட்டத்துக்கு வந்த படக்காரர்

தாம்சனுக்குப் பின் சிங்கப்பூரில் கோலோச்சியது லாம்பர்ட் நிறுவனம். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தவரான லாம்பர்ட் 1867-இல் அதனைத் தொடங்கினார். சயாம் மன்னருக்கும் ஜொகூர் சுல்தானுக்கும் அரசவை ஒளிப்படக் கலைஞர் என்ற சிறப்பும் அந்நிறுவனத்துக்கு இருந்தது. அதன் படங்களும், பின்னர் வந்த அஞ்சலட்டைகளும் மாட்டுவண்டிக்காரரையும் தண்ணீர் இறைப்போரையும் கோயில் வாயிலில் நிற்போரையும் உலகெங்கும் கொண்டுசென்றன. அவற்றின் அடியில் அச்சிட்ட வாசகத்தில் பெரும்பாலும் 'கிளிங்' என்ற ஒற்றைச் சொல்லே காணப்படும். கலிங்கம் என்னும் நாட்டுப்பெயரிலிருந்து பிறந்ததாகக் கூறப்படும் அச்சொல் பின்னாளில் இழிசொல்லாய்த் திரிந்து, கேட்போர் மனத்தைச் சுடுவதாயிற்று. முத்துசாமியோ மாரியம்மாவோ, யாராயினும் அஞ்சலட்டையில் அவர்கள் ஓர் இனத்தின் மாதிரி. ஊரும் பேரும் உடைய மனிதரல்லர்.

ஜொகூரின் உட்பகுதிக்குப் படக்கருவி வந்தது இருப்புப்பாதையோடு. கெம்மாஸிலிருந்து ஜொகூர் பாருவரை 1909-இல் பாதை முழுமையடைந்த பின் குளுவாங், ரெங்கம், லாயாங் லாயாங், கூலாய் என நிலையங்களைச் சுற்றி ஊர்கள் வளர்ந்தன. மலாய்மொழியில் பட்டத்தையும் தகைவிலான் குருவியையும் குறிக்கும் அழகிய பெயர் இவ்வூருக்கு. ஆயினும் இங்கு வந்திறங்கியவர்கள் பறக்க வந்தவர்களல்லர். உலு ரெமிஸ் முதலிய தோட்டங்களில் காடழித்து, ரப்பரும் செம்பனையும் வளர்த்தவர்கள். கங்காணி முறையில் ஆள் கொணர்ந்த காலம் 1938-இல் இந்திய அரசு தொழிலாளர் குடியேற்றத்தைத் தடுத்ததோடு முடிந்தது.

அக்காலத் தோட்டப் படங்களில் ஒரு முறை தெளிவாகத் தெரியும். துரை நாற்காலியில் நடுவில் அமர்ந்திருப்பார், இருபுறமும் கிராணிமாரும் மருத்துவ உதவியாளரும், பின்வரிசையில் மண்டோர்கள், தரையில் தொழிலாளர்கள். படத்தின் கீழே பெயர் எழுதப்பட்டிருந்தால் அது நாற்காலி வரிசையோடு நின்றுவிடும். பால்வாளியைக் கையிற் பிடித்துக் கண்கூசி நிற்கும் பெண்ணின் பெயர் எங்கும் இராது. ஆலயக் குடமுழுக்குப் படங்களும் இதற்கு விலக்கல்ல. சிறப்பு விருந்தினர் பெயர் இருக்கும். விடியற்காலை நான்கு மணிக்கு அடுப்பு மூட்டி ஆயிரம் பேருக்கு அன்னம் சமைத்தவர் பெயர் இராது. அப்பெயரைச் சொல்லத் தெரிந்த முதியோர் இன்னும் சிலர் இருக்கின்றனர். அவர்களோடு உட்கார்ந்து படத்தின் பின்புறத்தில் பென்சிலால் எழுதிவைக்க ஒரு பிற்பகல் போதும்.

ஏழைத் தொழிலாளிக்குத் தனியாக ஒரு படம் எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு அரிதாகவே இருந்தது. நகரத்துப் படக்கடைக்குச் செல்லக் கூலியும் பயணச் செலவும் இடங்கொடா. திருமணப் படம் ஒன்று, ஊரிலுள்ள தாய்க்கு அனுப்ப எடுத்த படம் ஒன்று என வாழ்நாளில் ஓரிரண்டு கிடைத்தாலே பெரிது. அதுவும் இல்லாதோர் பலர்.

அந்நிலை 1948-இல் எதிர்பாராத வகையில் மாறியது. அவ்வாண்டு ஜூன் மாதம் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 12 வயதும் அதற்கு மேலும் உடைய அனைவரும் பதிவு செய்துகொண்டு, ஒளிப்படமும் பெருவிரல் ரேகையும் கொண்ட அடையாள அட்டையை எப்போதும் வைத்திருக்க வேண்டும் என்று அரசு ஆணையிட்டது. தோட்டங்களுக்கும் கம்பங்களுக்கும் படமெடுப்போர் சென்றனர். வரிசையில் நின்ற பால்மரத் தொழிலாளர்கள் ஒருவர்பின் ஒருவராக அமர்ந்து, கருவியை நேரே பார்த்தனர். சிரிப்பதற்கான சூழல் அதுவன்று. காட்டில் பதுங்கிய போராளிகளையும் வெளியில் வாழ்ந்த குடிமக்களையும் பிரித்தறிவதற்காக ஐயத்தினால் எடுக்கப்பட்ட படங்கள் அவை. ஆயினும் தபால்தலையினும் சற்றே பெரிய அந்தப் படத்தின் பக்கத்தில், அஞ்சலட்டையும் தோட்டத்துக் குழுப்படமும் தராத ஒன்று இருந்தது: பெயர்.

பின்னாளில் அத்தொழிலாளி மறைந்தபோது வீட்டில் வேறு படம் இல்லாமையால், பிள்ளைகள் அந்த அட்டையையே எடுத்துக்கொண்டு நகரத்துப் படக்கடைக்குச் சென்றனர். கடைக்காரர் முகத்தை மட்டும் பெரிதாக்கி, சட்டையின் கழுத்துப் பகுதியைத் தூரிகையால் சீர்செய்து, சிலருக்கு மேலங்கியும் வரைந்து கொடுத்தார். மரச்சட்டமிட்டு, நெற்றியில் திருநீறும் குங்குமமும் இட்டு, சாமிப் படங்களுக்குச் சற்றுக் கீழே மாட்டப்பட்ட அத்தகைய படங்கள் ஜொகூர்த் தமிழர் இல்லங்களிற் பலவற்றில் இன்றும் உள்ளன. ஆடி அமாவாசையன்று அவற்றுக்குத்தான் மாலை.